புல்லில் நடக்காத மூன்று பேர்

சுண்டைப்பட்டிக்காரர்களுக்குச் சொன்னால் சொன்னதுதான். "கொஞ்சம் இருங்க, வந்துர்றேன்" என்று போன விருந்தாளிக்காக மூன்று நாள் பஸ் ஸ்டாப்பிலேயே இருந்தவர்கள் அவர்கள். தங்கமான மனுஷங்க, என்ன செய்ய!

அந்த ஊர் வேலப்பனின் மகள் பூங்கோதைக்கு, பல்கலைக்கழகம் இருக்கிற டவுனில், பழைய ஜமீன் பங்களாவின் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஆறு மாசமாகத் தற்காலிகம். நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்ய அன்றைக்குத்தான் பெரிய அதிகாரி வருகிறார். அன்றைக்கென்று பார்த்து அப்பாவும் பங்களாவைச் சுற்றிப் பார்க்க வந்து நின்றார். கூடவே சடையாண்டி, மாரப்பன் என்று இரண்டு கூட்டாளிகள்.

பூங்கோதை ஓடி வந்து அப்பாவைத் தனியே இழுத்தாள். "அப்பா, போர்டுல போட்டிருக்கிறபடி நடந்துக்குங்க. என் வேலையே உங்க கையிலதான் இருக்கு. அதிகாரிகிட்ட எங்கப்பான்னு மட்டும் சொல்லிராதீங்க."

"நீ கவலையே படாதே கண்ணு."

பங்களாவுக்குப் போகிற பாதையில் அன்று காலைதான் சிமெண்ட் பூசிக் கயிறு கட்டியிருந்தார்கள். பின்வாசல் வழியாகப் போகலாம், அது உங்களுக்கும் எனக்கும் தோன்றும். அவர்கள் கண்ணில் பட்டது புல்வெளிதான். அதில் ஒரு போர்டு: 'புல்லின் மேல் நடக்காதீர்கள்.'

மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"ஓடிரலாமா?" என்றார் சடையாண்டி.

"ஓடறதுன்னா வேகமா நடக்கிறதுதானப்பா. பிள்ளை வேலை போயிரும்" என்றார் வேலப்பன்.

"உருண்டா?" என்றார் மாரப்பன். "கோயில்ல அங்கப்பிரதட்சணம் பண்றோமே, அதை எவனாச்சும் நடைங்கிறானா?"

அடேயப்பா, என்ன மூளை! ஆனால் வேலப்பனுக்கு ஒரு சந்தேகம்.

"ஈர வேட்டி இல்லாம உருண்டா குத்தமாச்சே."

அதுவும் நியாயம்தான். செடிக்குத் தண்ணீர் விடுகிற குழாயில் தலையோடு நனைந்து, சட்டையை மடித்து வைத்துவிட்டு, மூவரும் புல்லில் படுத்தார்கள்.

பங்களா வாசல் வந்தது, போனது. உருள்கிறவனுக்கு வாசலா தெரியும்? வானம், புல், வானம், புல். ஒரு சுற்று முடிந்து இரண்டாவது ஆரம்பமாகிவிட்டது.

மறுநாள் பல்கலைக்கழகத்தில் பரீட்சை. மர நிழலில் படித்துக்கொண்டிருந்த மாணவன் ஒருவன் ஓடி வந்தான். "ஐயா, என்ன வேண்டுதல்?"

"பொண்ணுக்கு வேலை நிரந்தரமாகணும் தம்பி" என்றார் வேலப்பன், மனசார.

"டேய், இங்க உருண்டா வேலையே கிடைக்குதாம்டா, பாஸாகறதா பெரிசு!" என்று மாணவன் தன் கூட்டாளிகளைக் கூவி அழைத்தான்.

பத்தே நிமிஷத்தில் நாற்பது பேர் புல்லில் உருண்டார்கள். அப்போதுதான் அதிகாரியின் கார் வந்து நின்றது. பூங்கோதைக்கு அழுகையே வந்துவிட்டது.

"யாரம்மா இவங்கெல்லாம்?" என்று கத்தினார் அதிகாரி.

வேலப்பன் உருண்டு வந்து அவர் ஷூவில் முட்டி நின்றார். "வணக்கமுங்க. நான் இந்தப் பொண்ணோட அப்பா இல்லீங்க. காலையில இவளே சொல்லிட்டா."

"எதுக்குய்யா உருள்றீங்க?"

"பரீட்சை பாஸாக சார்" என்றான் பக்கத்தில் உருண்டுபோன ஒருவன்.

அதிகாரியின் கோபம் சட்டென்று இறங்கியது. "என் பையனும் இங்கதான் படிக்கிறான்" என்றார் மெல்ல.

"சார், என் வேலை?" என்றாள் பூங்கோதை.

"அது நிரந்தரம்மா, இன்னைக்கே கையெழுத்துப் போடறேன். முதல்ல எத்தனை சுத்துன்னு உங்கப்பாகிட்ட கேட்டுச் சொல்லு."

வேலப்பன் படுத்தபடியே யோசித்தார். "பையனுக்கு எத்தனை அரியருங்க?"

"பதினேழு."

"அப்ப மத்தியானச் சாப்பாட்டை இங்கயே கொண்டாரச் சொல்லிருங்க."