பதினைந்து நாளில் பதில் வராவிட்டால்

குரு என்றதும் வெள்ளைத் தாடி, மரத்தடி, காவி வேட்டி என்று மனசுக்குள் ஒரு படம் ஓடினால் அதை ஓரமாக வைத்துவிடுங்கள். இந்தக் குருவுக்கு இருபத்தெட்டு வயது. பெயர் தமீம். திண்டுக்கல்லில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில், ஞாயிற்றுக்கிழமை மட்டும், சி.எம்.ஏ. என்கிற காஸ்ட் அக்கவுண்டன்ட் பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்குத் தணிக்கைத் தாள் நடத்துகிறவர். அந்த மாடிப்படி அப்படி ஒரு செங்குத்து. ஏறி வருகிறவர்களுக்கு மூச்சு அடங்குவதற்குள் பாதி பாடம் முடிந்துவிடும்.

சீடருக்கு முப்பத்தைந்து வயது. பெயர் ஜெசிந்தா. ஒரு நூல் மில்லில் கணக்குப் பிரிவில் பதினோரு வருட வேலை. அவள் அவரை 'சார்' என்பாள். அவர் அவளை 'அக்கா' என்பார். இதில் இரண்டு பேருக்கும் ஒரு கூச்சமும் இல்லை.

ஜெசிந்தா அந்தப் பரீட்சையின் இரண்டாவது குரூப்பை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் போய்விட்டது. வருகிற டிசம்பர் மூன்றாவது தடவை. இதிலும் போனால் புத்தகத்தையெல்லாம் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு. வகுப்பு முடிந்து மற்றவர்கள் பிரியாணிக்கு இறங்கிப் போய்விட்டார்கள். ஜெசிந்தா மட்டும் போகவில்லை. பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தாள்.

"சார், எனக்கு வேற டைம்டேபிள் போட்டுக் குடுங்க."

தமீம் சார் தாளைப் பார்த்தார். பச்சை மையில் தலைப்பு, சிவப்பு மையில் கோடு. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. மில்லில் பதினோரு வருடம் கோடு போட்ட கை அல்லவா.

"இதுக்கு என்ன குறைச்சல்?"

"டைம்டேபிள் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் ஓட மாட்டேங்குது."

சார் பேனாவின் மூடியால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டார்.

"காலையில நாலே முக்கால்?"

"எந்திரிச்சிடுறேன். தியரி படிச்சிடுறேன்."

"மில் பஸ்?"

"பக்கத்து சீட்டு மகேஸ்வரி ஏறினதும் தூங்கிடும். நாப்பது நிமிஷம் நல்லா ஓடும் சார்."

"சாயங்காலம் ஏழுல இருந்து எட்டரை?"

"கணக்குப் போடுறேன். அதுல பிசகே இல்ல."

"ஒன்பதுல இருந்து பத்து?"

ஜெசிந்தா துப்பட்டா நுனியைச் சுருட்டினாள்.

"உக்கார்றேன் சார். புத்தகம் திறந்திருக்கு. ஒரு வரி ஏறல. எழுபது நாளா அதே பக்கம். அந்தப் பக்கத்துல இருக்கிற சட்னிக் கறை எங்க இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்."

"தூக்கமா?"

"இல்ல. நல்லா முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பக்கத்து வீட்டு டிவியா?"

"சத்தமே இல்ல சார். வீட்டுல நான் ஒருத்திதான. குக்கர் விசில் அடங்கிடுச்சுன்னா அதோட சரி."

சார் கொஞ்சம் யோசித்தார். தணிக்கைக்காரர் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"அந்தக் கட்டத்துல இதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு?"

"போன்."

அவளுடைய கணவர் அமல்ராஜ் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். கல்யாணமாகி நாலு வருடம். அதில் மூன்று வருடம் அவர் அங்கே, இவள் இங்கே. இங்கே ஒன்பது அடிக்கும்போது அங்கே ஏழரை. குளித்து, சாப்பிட்டு, மொட்டை மாடிக்குப் போய் அவர் கூப்பிடுவார்.

"ஒரு மணி நேரம் என்ன பேசுவீங்க?"

"பெரிசா ஒண்ணும் இல்ல சார். என்ன குழம்புன்னு கேப்பார். தண்ணி வந்துச்சான்னு கேப்பார். அவங்க சூப்பர்வைசர் மாதிரியே பேசிக் காட்டுவார். நான் சிரிப்பேன். அவ்வளவுதான்."

"படிப்புக்காக நிறுத்திட்டீங்க. அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லாம இருப்பேனா?" ஜெசிந்தாவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. போனை எடுத்து அந்த மெசேஜைக் காட்டினாள். 'பரீட்சை முடியற வரைக்கும் ஒன்பதுல இருந்து பத்து படிப்பு. அந்த நேரம் கூப்பிட வேண்டாம். வேற ஏதாவது இருந்தா சொல்லுங்க.'

"என்ன பதில் வந்துச்சு?"

"ஒண்ணும் வரல. ரெண்டு நீல டிக் விழுந்துச்சு. சரின்னு எடுத்துக்கிட்டேன்."

"அப்புறம் கூப்பிடுறதே இல்லையா?"

"வெள்ளிக்கிழமை லீவு. மதியம் கூப்பிடுவார். கேஸ் வந்துச்சா, உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டு அஞ்சு நிமிஷத்துல வெச்சிடுவார். படிக்கிறவளைத் தொந்தரவு பண்ணக்கூடாதுங்கிற நல்ல மனசு சார் அவருக்கு."

நல்ல மனசு என்று சொன்னவள் அதைச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னாள்.

தமீம் சார் பிளாஸ்கைத் திறந்து ஒரு டம்ளரில் டீ ஊற்றிக்கொண்டார்.

"சார், ஒண்ணு பண்ணட்டுமா? அந்த ஒரு மணியைத் தூக்கிக் காலையில மூணே முக்காலுக்குப் போட்டுடட்டுமா?"

சார் டீயை வாயில் வைத்தார். பதில் சொல்லவில்லை. ஜெசிந்தா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு பேனாவை எடுத்து ஒன்பது என்பதை அடித்துவிட்டு மூணே முக்கால் என்று எழுதினாள். அந்தத் தாளில் முதல் அடித்தல் அதுதான்.

சார் டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்னக்கா எழுதுறீங்க?"

"மூணே முக்கால். நீங்கதான் ஒண்ணும் சொல்லலையே."

"நான் எங்க சொல்றது? டீ நாக்கைப் பொசுக்கிடுச்சு."

ஜெசிந்தா சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

சார் நாக்கை ஊதிக்கொண்டே கேட்டார். "மார்ச் முடிஞ்சா உங்க மில்லுல பார்ட்டிங்களுக்கு பாக்கிக் கடிதம் போகும்ல, யார் அனுப்புறது?"

"நான்தான் சார். இருநூத்திப் பன்னெண்டு பேர். உங்க பாக்கி இவ்வளவுன்னு எங்க புத்தகத்துல இருக்கு, சரிதானான்னு கேட்டு, நானே டைப் அடிச்சு நானே கவர் ஒட்டுவேன்."

"கடைசி வரி என்ன?"

அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். "பதினைந்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால் மேற்படி பாக்கி சரியென்று எடுத்துக்கொள்ளப்படும்."

"அந்த வரியை யார் யாருக்குப் போடலாம்? அஞ்சு மார்க் கேள்வி. சொல்லுங்க."

ஜெசிந்தா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சின்னச் சின்ன பாக்கியா இருக்கணும். ஆளுங்க நிறைய பேர் இருக்கணும். தப்பு இருக்க வாய்ப்பு குறைவா இருக்கணும். வாங்குறவங்க கண்டுக்காம விட்டுடுவாங்கன்னு நினைக்கக் காரணம் இருக்கக்கூடாது."

"பெரிய பாக்கின்னா?"

"பதில் வந்தே ஆகணும். வரலைன்னா திரும்ப எழுதணும். அப்பவும் ஒழுங்கா வரலைன்னா வேற வழியில விசாரிச்சுப் பாக்கணும்."

"அஞ்சுக்கு அஞ்சு."

அவ்வளவுதான். சார் எழுந்து போர்டை அழிக்க ஆரம்பித்துவிட்டார். ஜெசிந்தா தாளை மடித்தாள். மடித்ததைத் திரும்பப் பிரித்தாள்.

"அப்ப வேற டைம்டேபிள் சார்?"

"அடுத்த வாரம் பாக்கலாம்க்கா."

அடுத்த ஞாயிறு அவள் வகுப்புக்கு அரைமணி முன்னாடியே வந்துவிட்டாள். முகம் வீங்கியிருந்தது. சார் அப்போதுதான் பெஞ்சுகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"திரும்ப எழுதினேன் சார். 'அன்னைக்குப் போட்ட மெசேஜுக்கு நீங்க ஒண்ணும் சொல்லலையே'ன்னு. 'நல்லா படி'ன்னு ஒரு கட்டைவிரல் வந்துச்சு."

"ம்."

"அது பதிலா சார்?"

"கணக்குப் பிரிவுல இருக்கிறது நீங்க."

"பதில் இல்ல" என்றாள் ஜெசிந்தா. "அதான் வேற வழியில விசாரிச்சேன். அவர்கூட ரூம்ல செல்வின் அண்ணன்னு ஒருத்தர் இருக்கார். அவரைக் கூப்பிட்டேன். 'இவர் எப்படி இருக்கார், சாயங்காலம் ஆனா என்ன பண்றார்'னு கேட்டேன். 'என்னம்மா என்கிட்ட கேக்குற, தினம் ஏழரைக்கு டாண்ணு போனை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போறான், எட்டரைக்குத்தான் இறங்கி வர்றான், உன்கூடத்தான பேசுறான்'னு சிரிக்கிறார்."

சார் பெஞ்சை அப்படியே விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

"ஒருநாள் செல்வின் அண்ணன் துணி காயப்போட மேல போயிருக்கார். இவர் போனைக் கையில வெச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கார். 'பேசி முடிச்சாச்சா'ன்னு கேட்டிருக்கார். 'ஆச்சு'ன்னு இவர் சொன்னாராம்."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அழுதாள். அழுகையை மறைக்கவும் இல்லை.

"எழுபத்தேழு நாளு சார். நான் இங்க ஒரே பக்கத்தைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அவர் அங்க மாடியில உக்காந்திருக்கார். ரெண்டு பேரும் அதே ஒரு மணி நேரம்."

தமீம் சார் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் தள்ளினார். ஆறுதல் சொல்லத் தெரியாத ஆள் அவர். தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

ஜெசிந்தா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "முடிவு பண்ணிட்டேன். 'இனிமே ஒன்பது மணி உங்களுக்குத்தான், நான் பரீட்சையே எழுதல'ன்னு இப்பவே அனுப்பிடுறேன்."

"இதையும் நீங்களே எழுதிடுவீங்களா?"

அவள் விரல் போன் மேலேயே நின்றது.

"தொகையே போடாம, அந்த இடத்தை வெறுமனே விட்டு அனுப்புற கடிதம் ஒண்ணு இருக்கு" என்றார் சார். "அது எதுக்கு? ரெண்டு மார்க்."

"நாம எழுதுன தொகையைப் பாத்துட்டு அவங்க சும்மா கையெழுத்துப் போட்டு அனுப்பிடக்கூடாது. அவங்க புத்தகத்தை அவங்களே புரட்டிப் பாத்து எழுதணும்."

"ரெண்டுக்கு ரெண்டு."

சார் மேசை டிராயரைத் திறந்து ஒயிட்னர் பாட்டிலை எடுத்து அவள் முன்னால் வைத்தார். பிறகு பெஞ்சுகளை இழுக்கப் போய்விட்டார்.

ஜெசிந்தா தாளை விரித்தாள். ஒன்பது, அதன் மேல் அடித்தல், மூணே முக்கால் எல்லாவற்றின் மேலும் வெள்ளை பூசினாள். வாயால் ஊதிக் காயவைத்தாள். போட்டோ எடுத்து அனுப்பினாள். கூடவே இரண்டு வரி: 'இந்தக் கட்டத்தை நீங்க எழுதுங்க. நீங்க எழுதுற வரைக்கும் நான் ஒண்ணும் எழுத மாட்டேன்.'

நீல டிக் விழுந்தது. அன்றைக்குப் பதில் வரவில்லை. திங்கள் வரவில்லை. செவ்வாய் வரவில்லை. பஸ்ஸில் மகேஸ்வரி தூங்கினாள், ஜெசிந்தா புத்தகத்தைத் திறக்கவே இல்லை. மூன்று நாளும் ஒன்பது மணிக்கு அவள் புத்தகத்தையும் போனையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஏழு பேர் இருக்கிற வீட்டில் வளர்ந்தவள் அவள். தனியாக உட்காருவது இவ்வளவு சிரமம் என்று அவளுக்கு அந்த மூன்று நாளில்தான் தெரிந்தது.

மூன்றாவது ஞாயிறு. வகுப்பு முடிந்தது. மற்றவர்கள் இறங்கினார்கள். ஜெசிந்தா போனை நீட்டினாள்.

"புதன்கிழமை வந்துச்சு சார்."

அமல்ராஜ் ஏதோ ஏ.சி. ரசீதின் பின்பக்கத்தில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது.

'போன தடவை நீ ஃபெயில் ஆனது நான் தினம் பேசினதாலதான்னு நெனச்சேன். அதனாலதான் ஒண்ணும் சொல்லல. பரீட்சையை விடாத. ஒன்பதுக்குப் போனைப் போட்டு மேசையில வெச்சிடு. நான் பேச மாட்டேன். நீ பக்கம் திருப்புற சத்தம் கேட்டா எனக்குப் போதும்.'

சார் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"இப்ப ஒன்பது மணிக்கு ஓடுதா?"

"ஆறு பக்கம், ஏழு பக்கம் ஓடுது சார். நடுவுல ஒருநாள் நெட் போயிடுச்சு, அன்னைக்கு ஓடல. சட்னிக் கறையைத் தாண்டிட்டேன்."

"அவர்?"

"மாடியில காத்தடிக்கிற சத்தம் கேக்கும். நடுநடுவுல இருமுவார். பத்து மணி ஆனதும் வெச்சிடுவார்."

"ஒரு வார்த்தை கூடப் பேசுறதில்லையா?"

"இல்ல சார். ஒண்ணுமே சொல்றதில்ல."

தமீம் சார் அவளுடைய டைம்டேபிளை வாங்கினார். வெள்ளை பூசிய கட்டம் இன்னும் வெறுமனேதான் இருந்தது. அதில் எதுவும் எழுதாமல் அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இதைச் சரின்னு எடுத்துக்கலாம்க்கா" என்றார்.