சமையலறைப் பெட்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில் மடத்துக்குள் நுழைந்ததும் சபாநாயகம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்.

“அம்மா, நல்லா இருக்கீங்களா?”

மடத்தின் குரு அருளம்மைக்கு நாற்பத்தைந்து வயது. சீடருக்கு அறுபத்து மூன்று. பதினொரு வருஷத்தில் ஒரு வாரம்கூட அவர் இதைக் கேட்கத் தவறியதில்லை. கேட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மடத்துப் பாத்திரங்களை எல்லாம் தேய்த்துக் கழுவிக் கவிழ்ப்பார். சேவை என்று வந்துவிட்டால் அவரைப்போல ஓர் ஆள் கிடைக்காது.

அன்று அவர் பாத்திரங்களின் பக்கம் போகவில்லை. நேராக வந்து தரையில் உட்கார்ந்தார்.

“மனசே சரியில்லம்மா. ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“செண்பகம் புதுக்கோட்டையில அவ தம்பி வீட்டுக்குப் போய் நாப்பது நாளாச்சு. தம்பி பேரனுக்குக் காதுகுத்துன்னுதான் போனா. குத்தின காதும் ஆறிப்போச்சு, இவ வரல. போன் போட்டா தம்பிதான் எடுக்குறான். கல்யாணமாகி முப்பத்திநாலு வருஷம்மா. எங்களுக்குள்ள ஒரு சண்டை கிடையாது.”

“ம்.”

“நேத்து தம்பி வந்தான். ‘அக்கா ஒரே ஒரு சாமான் கேட்டுச்சு, கொடுத்துவிடுங்க’ன்னான். நகையா இருக்கும், இல்ல அவங்க வீட்டுச் சீர்ப் பாத்திரமா இருக்கும்னு நெனச்சேன். அவ கேட்டது சமையலறையில இருக்கிற பேசுற பெட்டியை! அது எதுக்கும்மா அவளுக்கு? தர முடியாதுன்னு அனுப்பிட்டேன். வேணும்னா வீட்டுக்கு வந்து எடுத்துக்கட்டும். நான் செஞ்சது சரிதானே?”

“அது என்ன பெட்டி?”

சபாநாயகத்தின் முகம் கொஞ்சம் தெளிந்தது. அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசுவதென்றால் அவருக்கு எப்போதுமே உற்சாகம்தான்.

“மின்னின்னு கூப்பிட்டாப் போதும்மா. லைட்டைப் போடுன்னா போடும், ஃபேனைக் குறைன்னா குறைக்கும். கையைக் காலை அசைக்க வேண்டாம். உட்கார்ந்த இடத்துலயே எல்லாம் ஆயிடும்.”

“அது வர்றதுக்கு முன்னாடி?”

“அப்பவும் உட்கார்ந்த இடத்துலயேதான்...” என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“சமையலறையில எதுக்கு ஒண்ணு?”

“அது இன்னும் வசதிம்மா. ஹால் பெட்டிகிட்ட நான் காபின்னு சொன்னா, சமையலறைப் பெட்டி அதை என் குரல்லயே அவளுக்குச் சொல்லிடும். தொண்டை கிழியக் கத்த வேண்டாம். அவளுக்கும் மாவுக் கையோட எதையும் தொட வேண்டாம், வாயால சொன்னாப் போதும். அவளுக்காகத்தாம்மா வாங்கி வச்சேன்.”

தனக்குக் காபி கேட்க வாங்கிய பெட்டியை மனைவிக்காக வாங்கியதாக அவர் மனதார நம்பினார். பொய் சொல்லியிருந்தால்கூடக் கேட்பதற்கு இவ்வளவு கசந்திருக்காது.

“பேசுறதை எல்லாம் அது எங்கேயாவது எழுதி வைக்குமா?”

“இந்தப் போன்ல இருக்கும்மா. நாம சொன்னது, அது சொன்னது, நேரம் எல்லாம். நான் பார்த்ததில்ல.”

“சமையலறைப் பெட்டியில இருக்கிறதைப் படிங்க. சத்தமா.”

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“காலை ஆறு பத்து, காபி. ஆறே முக்கால், இன்னொரு காபி. ஏழே கால், வெந்நீர். எட்டு மணி, என் கண்ணாடி எங்க. எட்டு ரெண்டு, கண்ணாடி எங்கன்னு கேட்டேன்.” தலையை நிமிர்த்தினார். “இதெல்லாம் நான் சொன்னதும்மா.”

“தெரியுது. மேல படிங்க.”

“மத்தியானம் மூணு பத்து. மின்னி, மணி என்ன?” கொஞ்சம் தயங்கினார். “இது அவ. நான் தூங்குற நேரம்.”

“ம்.”

“‘மின்னி, இன்னிக்கு மழை வருமா?’ ‘மழைக்கு வாய்ப்பில்லை.’ ‘மாடியில வடகம் காயுது, அதான் கேட்டேன்.’” சபாநாயகம் சிரிக்கப் பார்த்தார். “பைத்தியம். மெஷினுக்குப் போய்க் காரணம் சொல்லிட்டிருக்கா.”

அருளம்மை சிரிக்கவில்லை.

“‘மின்னி, நல்லா இருக்கியா?’ ‘நான் நலமாக இருக்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?’ அதுக்கு அவ ஒண்ணும் சொல்லலம்மா. மறுநாளும் அதே மூணு மணி. அதே கேள்வி. அதுவும் அதையே திருப்பிக் கேக்குது. இவ, ‘இன்னொரு தடவை கேளு’ங்குறா. ‘மன்னிக்கவும், எதைக் கேட்க வேண்டும்?’ ‘இப்பக் கேட்டியே, அதை.’”

அவருடைய விரல் திரையைத் தள்ளிக்கொண்டே போனது. குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

“மறுநாளும் கேட்டிருக்கா. அதுக்கு மறுநாளும். நாம முதல்ல விசாரிச்சாத்தான் அது திருப்பி விசாரிக்கும்னு கண்டுபிடிச்சிருக்காம்மா. ஒரு நாள் நாலு தடவை கேட்டிருக்கா.”

“கடைசியா என்ன இருக்கு?”

“ஊருக்குப் போறதுக்கு முந்தின நாள், மூணு பத்து. ‘நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?’ ‘முழங்கால் ரொம்ப வலிக்குது மின்னி. ரெண்டு மாசமா மாடிப்படியில உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குறேன்.’”

“அதுக்கு அப்புறம்?”

சபாநாயகம் படிக்கவில்லை.

“படிங்க.”

“மூணு பதினொண்ணு. காபி.” போனைத் தரையில் வைத்தார். “அன்னிக்குச் சீக்கிரம் முழிச்சுட்டேன்.”

அவமானத்தில் அவருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. “ஒரே வீட்டுலதாம்மா இருந்தோம். முழங்கால் வலின்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே” என்றார்.

அருளம்மை எழுந்து பின்கட்டுக்குப் போய்ப் பாத்திரங்களின் முன்னால் உட்கார்ந்தார். சபாநாயகம் பதறிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

“நீங்க எழுந்திரிங்கம்மா. நான் கழுவுறேன்.”

“வேண்டாம். இங்க கழுவினது போதும்.”

பதினொரு வருஷத்தில் அவரிடமிருந்து எந்த வேலையையும் யாரும் பிடுங்கியதில்லை. கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். அருளம்மை தட்டுகளை ஒவ்வொன்றாகத் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கே புதுக்கோட்டைக்குப் போறேம்மா” என்றார் கடைசியில். “‘எப்படி இருக்கே’ன்னு அவளை நானே கேக்குறேன்.”

“போங்க. பெட்டியையும் எடுத்துட்டுப் போங்க.”

“அதான் நானே கேக்கப் போறேனே. அப்புறம் பெட்டி எதுக்கு?”

அருளம்மை கடைசித் தட்டையும் கழுவிக் கவிழ்த்தார்.

“நீங்க கேட்டா, யாரைக் கேக்குறீங்கன்னு அவங்க பின்னால திரும்பிப் பார்ப்பாங்க.”