நாடுகடத்தப்பட்ட விதைகள்

கருங்கல் காட்டில் முள்ளி என்ற முள்ளம்பன்றி தன் குட்டியோடு வசித்தது. போன மழைக்காலக் காய்ச்சலில் குட்டி பிழைத்ததே நிலவேம்புக் கஷாயத்தால்தான். இப்போது காட்டில் ஒரு நிலவேம்புச் செடிகூட இல்லை. மிச்சம் ஒரு பிடி விதை மட்டுமே. அது முளைக்காவிட்டால் அடுத்த மழைக்கு மருந்து கிடையாது!

ராஜாவின் பிறந்தநாளில், ராஜாவின் குகை வாசலில்தான் விதைக்க வேண்டும். அதுதான் காட்டுச் சட்டம். பழைய ராஜா சித்திரையில் பிறந்தவர். புதிதாய்ப் பட்டத்துக்கு வந்த புலிராஜாவோ மார்கழியில் பிறந்தவர்!

பனி சொட்டும் நிழலில் விதைத்தார்கள். அமைச்சர் மயில் தோகை விரித்து வாழ்த்துப் பாடியது. வாரங்கள் போயின. ஒரு முளைகூட இல்லை.

"மகாராஜா, இது திமிர்! விதைகள் உங்களை மதிக்கவில்லை!" என்றது மயில். ஆள்பவர்கள் தோற்றால் பழி சுமக்க ஒரு எளியவன் வேண்டுமே!

"என்ன தண்டனை?" என்று உறுமியது புலி.

"தோண்டியெடுத்துப் பாறையடி மணலில் புதைப்போம்! நாள் முழுக்க வெயில் காயும் இடம்!"

"ஐயோ, இருப்பதே அவ்வளவுதான்! அதுவும் கருகினால் என் குட்டி என்ன செய்யும்?" என்று கெஞ்சியது முள்ளி.

"அரசாங்கத்திடமே கேள்வியா? முள்ளை மடக்கு!" என்று அதட்டியது மயில்.

விதைகள் புதைக்கப்பட்டன. முள்ளிக்கு மனம் கேட்கவில்லை. 'பாவம், தாகத்தோடு சாக வேண்டாம்' என்று தினமும் சிரட்டையில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றியது.

ஒருநாள் மணலைப் பிளந்து பச்சை எட்டிப் பார்த்தது! முள்ளி மணலில் வயிற்றை வைத்துப் பார்த்தது. கதகதவென்று இருந்தது.

"அடடா! குளிரில் சுருண்டு கிடந்தவர்களையா திமிர் பிடித்தவர்கள் என்றார்கள்!"

மயில் புலிராஜாவை அழைத்துக்கொண்டு ஓடி வந்தது. "பார்த்தீர்களா மகாராஜா! என் தண்டனைக்குப் பயந்து முளைத்துவிட்டன!"

முள்ளி சிலிர்த்தது. "அப்படியா சாமி? குகை வாசலில் இன்னும் நாலு விதை தங்கிவிட்டது. அதையும் மிரட்டி முளைக்க வையுங்களேன்!"

மயில் போய் அகவியது. தொண்டை கட்டும்வரை அகவியது. விதை அசையவில்லை. குரங்குகள் விழுந்து விழுந்து சிரித்தன. புலிராஜாவுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சரி முள்ளி, இனி எப்போது விதைப்பது?"

"மண் சூடான பிறகு, ராஜா. உங்கள் பிறந்தநாளுக்குப் பாயசம் வையுங்கள், போதும்!"

அடுத்த மழையில் காடு முழுக்கக் கஷாயம் கொதித்தது. முள்ளியின் குட்டி முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்துவிட்டு, விளையாட ஓடியது.

அதட்டி எதையும் முளைக்க வைக்க முடியாது. வேண்டிய கதகதப்பைக் கொடுத்தால் அது தானே தலை நிமிரும்.