எமிமாளின் கல்யாண ஓலை

செம்மணல் தேரிக்காட்டை ஒட்டிய ஒரு சிறு சபைக்கு மாற்றலாகி வந்தபோது போதகர் அருமைநாயகத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. குரலுக்குப் பேர்போனவர். கன்வென்ஷன் கூட்டங்களில் மைக் நின்றுபோனாலும் அவர் நிற்க மாட்டார். பந்தலுக்கு வெளியே சுண்டல் விற்பவனுக்கும் பிரசங்கம் முழுதாகப் போய்ச் சேரும்.

புதிய சபையில் முதல் ஞாயிறு பேசி முடித்த பிறகுதான் கவனித்தார். கடைசி இரண்டு பெஞ்சுகளில் பதினான்கு பேர். அவர் பேசிய ஒரு மணி நேரமும் அவர்கள் தங்களுக்குள் கைகளால் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சபைச் செயலர் செல்வினிடம் விசாரித்தார். எல்லோரும் காது கேளாதவர்கள், வருவார்கள், உட்கார்ந்திருப்பார்கள், போவார்கள் என்றார் செல்வின். செல்வினின் தங்கை எமிமாளும் அந்தப் பதினான்கு பேரில் ஒருத்தி.

மறுநாளே போதகர் சைகைமொழி கற்கக் கிளம்பினார். ஊரில் அதைக் கற்றுக்கொடுக்கக்கூடியவர் மாசிலாமணி. ஆலயத்துக்கு எதிரே லேத் பட்டறை வைத்திருந்தார். முப்பத்தைந்து வயது. பிறவியிலேயே காது கேளாதவர்.

போதகர் தான் வந்த காரணத்தை ஒரு தாளில் எழுதி நீட்டினார். ஊமையனுக்காக உன் வாயைத் திற என்று வேதத்தில் ஒரு வசனம் இருக்கிறது, அதை என் வாழ்க்கையில் நிறைவேற்ற வந்திருக்கிறேன், அதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார்.

மாசிலாமணி படித்தார். ஒரு சொல்லில் அவர் பார்வை கொஞ்சம் நின்றது. பிறகு சாக்பீஸ் எடுத்து, பக்கத்தில் கிடந்த இரும்புத் தகட்டில் எழுதினார்.

"முதலில் மூடு."

எட்டு மாதம் பாடம் நடந்தது. பட்டறைக்குள் போதகரின் உதடு அசைந்தால் அன்றைய பாடம் அதோடு முடிந்தது. அவர் 'கிருபை'யும் 'நித்திய ஜீவ'னும் கேட்டார். மாசிலாமணி 'பசி', 'தலைவலி', 'பஸ் போய்விட்டது' என்று கொடுத்தார். போதகரின் விரல்கள் மரக்கட்டைபோல மடங்க மறுத்தன. முப்பது வருஷம் பிறருக்குப் போதித்தவர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார்.

மாசிலாமணியின் கைமொழியில் 'நீ' என்றும் 'நீங்கள்' என்றும் இரண்டு கிடையாது. நீட்டிய விரல் ஒன்றுதான். அது போதகருக்கு முதலில் உறுத்தியது. பிறகு பழகிவிட்டது.

எட்டாவது மாதக் கடைசியில் ஆலயத்தில், வேதத்திலிருந்து ஒரு சங்கீதத்தை முழுக்கக் கைகளாலேயே சொல்லிக் காட்டினார். பின்பெஞ்சுக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள். வசனம் நிறைவேறிவிட்டது என்றே போதகர் நினைத்தார்.

அந்த வாரம் சனிக்கிழமை மாலை செல்வின் எமிமாளை அழைத்துக்கொண்டு ஆலய அலுவலக அறைக்கு வந்தார். கல்யாண ஓலை எழுத வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு ஆலயத்தில் ஓலை வாசிப்பது அங்கே வழக்கம். அதற்கு முன்னால் பெண் போதகரிடம் சம்மதம் சொல்லிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். மாப்பிள்ளை வெளியூர். மனைவியை இழந்தவர். காது கேட்பவர். அவர் தன் சபையில் கையெழுத்துப் போட்டுவிட்டதாகவும், மண்டபம் பேசியாகிவிட்டதாகவும், கார்டு அடித்தாகிவிட்டதாகவும் செல்வின் சொன்னார்.

"அவளுக்குச் சம்மதம்தான் ஐயா, எழுதிக்கோங்க," என்றார். "அப்பா போன பிறகு இவளுக்கு நான்தானே வாய்."

செல்வின் கெட்ட மனிதர் அல்ல. ஏழு வயதுத் தங்கையைச் சைக்கிளில் வைத்துப் பன்னிரண்டு மைல் மிதித்துக் கேளாதோர் பள்ளியில் சேர்த்தவர். அது போதகருக்கும் தெரியும். பேனாவைத் திறந்தார். எமிமாள் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போதகர் பேனாவை வைத்துவிட்டுக் கைகளால் கேட்டார். "உனக்குச் சம்மதமா?"

எமிமாளின் கைகள் எழுந்தன. மழை பிடித்ததுபோல வந்தது பேச்சு. போதகருக்குப் பிடிபட்டவை மூன்று சொற்கள். அண்ணன். புடவை. கேள்.

"புடவை பிடிச்சிருக்குன்னு சொல்றா," என்றார் செல்வின்.

அதை நம்பிவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்று போதகருக்குத் தோன்றாமல் இல்லை. ஆனாலும் போனை எடுத்து மாசிலாமணிக்குச் செய்தி அனுப்பினார். அவர் கிரீஸ் பிசுக்குக் கைகளோடு சாலையைக் கடந்து வந்தார்.

"அவள் சொல்வதை எனக்குப் புரியும்படி நீ சொல்," என்று போதகர் சைகை செய்தார்.

மாசிலாமணி எமிமாளைப் பார்த்தார். போதகரைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு, கதவோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

கைகளால் பேசுகிறவன் கைகளை மூடிக்கொண்டால் அதற்கு மேல் அவனிடம் என்ன கேட்பது? போதகருக்குக் கோபம் வந்தது. அது அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு மேசையைச் சுற்றிவந்து, நாற்காலியை எமிமாளுக்கு எதிரே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"எனக்குப் புரியவில்லை. இன்னொரு முறை சொல்," என்றார் கைகளால்.

பிரசங்க பீடத்தில் நின்ற முப்பது வருஷத்தில் அவர் ஒருவரிடமும் சொல்லாத வார்த்தை அது.

எமிமாள் மெதுவாகச் சொன்னாள். அவர் மறுபடி கேட்டார். மறுபடி சொன்னாள். மூன்றாவது முறை அவள் தொடங்கியபோது போதகர் எழுந்து நின்றார். அவள் கைகளிலிருந்து கண்ணை எடுக்காமல் வாயைத் திறந்தார்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

செல்வின் விழித்தார். "யாருக்கு ஐயா?"

"புடவை எடுத்த அன்றைக்குத்தான் எனக்கு விஷயமே தெரியும். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த மனிதரோடு நான் பேசியதில்லை, அவருக்கும் என்னோடு பேசத் தெரியாது. அதனால் வேண்டாம்."

ஆயிரம் பேர் கேட்கப் பேசிய குரல் அந்தச் சிறிய அறையில் ஒரு பெண்ணின் பேச்சைப் பேசிக்கொண்டிருந்தது. எமிமாள் தலையை நிமிர்த்திக்கொண்டாள்.

"அண்ணன் என்னைச் சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோனதை நான் மறக்கவில்லை."

அடுத்த வாக்கியத்தில் போதகர் தயங்கினார். அதைச் சொன்னால் செல்வினுக்கு வலிக்கும். கொஞ்சம் மழுப்பிச் சொல்லலாம், விட்டும்விடலாம். எமிமாளின் கண்கள் அவருடைய உதட்டின்மேல் இருந்தன.

சொன்னார். "ஆனால் என் பேச்சைக் கற்றுக்கொள்ள அண்ணனுக்கு இருபது வருஷமும் போதவில்லை."

செல்வின் தங்கையின் கைகளைப் பார்த்தார். பிறகு, "இவ இவ்வளவு பேசுவாளா?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. போதகர் அதையும் கைகளால் எமிமாளிடம் சொன்னார்.

"நான் ஊருக்கு என்ன பதில் சொல்வேன் ஐயா?"

அதையும் சொன்னார். எமிமாளிடமிருந்து பதில் வந்தது. போதகர் அதைக் குரலாக்கினார்.

"ஊருக்கு நான் சொல்கிறேன்."

எமிமாள் மேசைமேல் திறந்து கிடந்த பதிவேட்டை மூடி, போதகர் பக்கமாகத் தள்ளிவைத்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வந்ததைவிட ஒரு பிடி உயரமாக வெளியே நடந்தாள்.

ஊர் பேசியது. போதகர் நல்ல காரியத்தைக் கலைத்துவிட்டார் என்றது. சபை மூப்பர் ஒருவர் நேரிலேயே வந்து, எட்டு மாதம் கையாட்டிப் படித்துவிட்டு ஒரு பெண்ணின் வாழ்க்கையில் இப்படித் துணியலாமா, ஒரு விரல் மாறினால் அர்த்தம் மாறிவிடாதா என்று கேட்டுவிட்டுப் போனார். செல்வின் இரண்டு ஞாயிறு ஆலயத்துக்கு வரவில்லை.

மூன்றாம் ஞாயிறு போதகர் ஆலய வாசலுக்கு வந்தபோது பின்பெஞ்சுக்காரர்கள் படியருகே வரிசையாக நின்றிருந்தார்கள். அவர் நெருங்கியதும் எல்லோரும் இரு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி விரல்களைப் படபடவென்று அசைத்தார்கள். அவர்களுடைய கைதட்டல் அது. போதகருக்கு மார்பு விம்மியது. வணங்குவதற்காகக் கைகளைக் குவித்தார்.

அவர்கள் அவரைப் பார்க்கவில்லை. திரும்பினார். பின்னால் எமிமாள் வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் செல்வின். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, செல்வினும் அரைகுறையாக ஒரு கையைத் தூக்கி விரல்களை ஆட்டினார்.

போதகர் ஒதுங்கி வழிவிட்டார். விம்மிய மார்பு அப்படியேதான் இருந்தது.

அன்று பிரசங்கத்தின் நடுவில் குரல் ஒரு படி கூடவே உயர்ந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் மூப்பர் கேட்ட கேள்வி அவருக்குள் முள்ளாகக் கிடந்தது. திங்கட்கிழமை பட்டறைக்குப் போனார்.

மாசிலாமணி லேத்தை நிறுத்தினார்.

"அன்று நீ அங்கே இருந்தாய்," என்றார் போதகர் கைகளால். "அவள் பேசியதைப் பார்த்தாய். அதற்காக நான் வாயைத் திறந்தேன். சரியாகச் சொன்னேனா?"

மாசிலாமணி கழிவுத்துணியில் கைகளை விரல் விரலாகத் துடைத்தார்.

"எனக்கு எப்படித் தெரியும்? எனக்குக் காது கேட்காது. அவளைக் கேள்."