ராஜா ராவிய கொக்கி

ராஜாக்களுக்குப் பொழுது போகவில்லை என்றால் ஊருக்குத்தான் வம்பு. செம்மலைக்கோட்டை ராஜா அனந்தபூபதிக்குத் திடீரென்று இரும்பு வேலையில் ஆசை வந்துவிட்டது. ராணியின் ஊஞ்சலுக்குத் தன் கையாலேயே கொக்கி செய்யப் போகிறாராம்!

அரண்மனைக் கொல்லர் பிச்சாண்டி ஆசாரி நல்ல அரமாகப் பார்த்துக் கொடுத்தார். இரும்பு கொடுத்தது ஆயுதசாலை அதிகாரி கோதண்டம். “ராஜா தொடுவது வாள் செய்யும் உருக்காகத்தான் இருக்க வேண்டும்” என்று ஆளுயரக் கம்பி ஒன்றைத் தூக்கிவந்தார். ஆசாரியைக் கிளப்பிவிட்டு அந்த வேலையில் தன் மைத்துனனை உட்காரவைக்க அவருக்கு வெகுநாளாக நமைச்சல்.

ராஜா மூன்று நாள் ராவினார். அரம் வழுக்கியது. கை கொப்பளித்தது. கம்பியில் ஒரு கீறல் விழுந்ததா? ம்ஹூம்!

“மொட்டை அரம், மகாராஜா. ஆசாரி வேண்டுமென்றே கொடுத்திருக்கிறான்” என்று வத்தி வைத்தார் கோதண்டம்.

ராஜா கொதித்துப்போனார். “என் கைக்கு அடங்காமல் என்னை அவமானப்படுத்தியது எதுவானாலும், யாரானாலும், பொழுது சாய்வதற்குள் நாடு கடத்துங்கள்! மங்கைபாகரே, இது உம் பொறுப்பு.”

அரசவை விகடர் மங்கைபாகர் அந்த அரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினார். நாலு பிள்ளைகளோடு ஆசாரி எங்கே போவார், பாவம்! நேரே பட்டறைக்குப் போனார். அதே அரத்தால், மூலையில் கிடந்த வண்டிச்சக்கரப் பட்டையில் ஒரு இழுப்பு இழுத்தார். இரும்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பட்டையும் அரமுமாகச் சபைக்கு வந்தார். “மகாராஜா, இதை ஒருமுறை ராவிப் பாருங்கள்.”

“வண்டிப் பட்டையையா? நானா?”

“ஒரே இழுப்பு!”

ராஜா இழுத்தார். அப்புறம் அவரை நிறுத்தத்தான் ஆள் இல்லை.

“அட, அரத்தில் பழுதே இல்லையே!”

“வாளுக்குத்தான் அந்தக் கெட்டி உருக்கு, மகாராஜா. பழகும் கைக்கு இந்த இளகின இரும்பு.”

“ராணியைத் தாங்குமா?”

“கரும்பு ஏற்றிய வண்டியையே தாங்கியது.”

“ஓய்! இதை அந்தப்புரத்தில் சொல்லித் தொலைக்காதீர்!”

சாயங்காலத்துக்குள் கொக்கி தயார். கொஞ்சம் கோணல்தான். ராஜாவுக்கு அது தங்கமாகத் தெரிந்தது. ஆசாரிக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார். பிறகு சட்டென்று நினைவு வந்து, “என் உத்தரவு என்ன ஆயிற்று?” என்றார்.

“இதோ நாடு கடத்துகிறேன். உங்கள் கைக்கு அடங்காத குற்றவாளி இதுதானே?” மங்கைபாகர் உருக்குக் கம்பியைக் காட்டினார்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். “சரி, கடத்தும்!”

“குற்றவாளிக்குக் கால் இல்லையே, மகாராஜா. கூட்டிவந்த கோதண்டமே எல்லைவரை தூக்கிக்கொண்டு போகட்டும். மறுமுனையை மைத்துனர் பிடிக்கட்டும். அரண்மனையில் ஒரு வேலை வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தாரே!”