தழும்புக்கு ஓர் உவமை

செக் நாட்டில் ப்ர்னோ என்று ஒரு ஊர். அங்கே ராட்கா என்று ஒருத்தி. பகலெல்லாம் தபால் ஆபீசில் கால்கடுக்க நிற்கிற வேலை. மிச்ச நேரத்தில் கவிதை.

அந்த ஊரில் இப்போது கவிதைக் கூட்டத்துக்குப் போனால், ஆளுக்கொரு உடம்பைக் கொண்டுவந்து படிப்பார்கள். ஒருவர் விலா எலும்பைப் பாடுவார். இன்னொருவர் பிரசவத் தையலை. ராட்கா தன் அம்மாவின் மார்பைப் பாடினாள். புற்றுநோய் வந்து ஒரு பக்கம் எடுத்துவிட்ட மார்பு. அறுவடை முடிந்து பனி மூடின வயல் என்று எழுதினாள். பத்திரிகையில் வந்தது. படித்தவர்கள் உருகிப்போனார்கள்.

அம்மாவும் படித்தாள்.

அதுவரை புண்ணுக்குக் கட்டு மாற்றிவிட்டது ராட்காதான். மறுநாளிலிருந்து அம்மா குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, ஒற்றைக் கையால் தானே கட்டிக்கொண்டாள். கட்டு நிற்கவில்லை. சட்டையில் ஈரம் கசிந்தது. கதவு மட்டும் திறக்கவே இல்லை.

ஒரு சாயங்காலம் ராட்கா, தனக்குக் கவிதை சொல்லிக்கொடுத்த லிபுஷேயின் வீட்டுப் படியேறினாள். லிபுஷேக்கு முழங்காலில் அறுவை நடந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நாற்காலியோடு நாற்காலியாகக் கிடந்தாள்.

நடந்ததையெல்லாம் சொல்லி முடித்து ராட்கா கேட்டாள்: "அந்தக் கவிதையில என்ன குறை?"

"களைச்சு வந்தா டீ கேப்ப. இன்னிக்கு ஞானம் கேக்குற. வீட்ல டீதான் இருக்கு," என்றாள் லிபுஷே. பிறகு காலை நீட்டினாள். "முதல்ல இதைக் கழட்டிவிடு. காலைலேருந்து இறுக்குது."

தொடை வரைக்கும் ஏறின மருத்துவக் காலுறை. ராட்கா தரையில் உட்கார்ந்து, குதிகாலை உள்ளங்கையில் தாங்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் மேலேயிருந்து மெதுவாக உருட்டி இறக்கினாள். முழங்காலைத் தாண்டியதும் தையல் தழும்பு தெரிந்தது. சிவப்பாக, நேராக, இரண்டு பக்கமும் புள்ளி புள்ளியாக.

ராட்காவின் கை நின்றுபோனது. பார்த்துக்கொண்டே இருந்தாள். பாதிக் காலுறையோடு கால் அந்தரத்தில் நின்றது.

"என்ன பாக்குற?" என்று கொஞ்ச நேரம் கழித்து லிபுஷே கேட்டாள்.

"ஆளில்லாத ஊருக்குப் போற தண்டவாளம் மாதிரி இருக்கு."

அப்போதுதான் உள்ளங்கையில் குதிகால் நடுங்குவது ராட்காவுக்குத் தெரிந்தது.

"உவமை நல்லாத்தான் இருக்கு," என்றாள் லிபுஷே. "காலைக் கீழே வச்சிட்டுத் தேடியிருக்கலாம்."