மைக்கண்ணி சொன்ன சாட்சி

சிவகாசியில் ஓர் அச்சகக் கம்ப்யூட்டர், எத்தனை தடவை ரீஸ்டார்ட் செய்தாலும் பழைய சிஸ்டத்திலேயே போய் நின்றது. கல்யாணப் பத்திரிகை டிசைன்களோ புதியதில். எதைத் திறப்பது என்று சொல்லும் பூட் ஃபைல், ஹார்ட் டிஸ்கின் மூன்று பகுதிகளிலும் அச்சு அசலாக ஒன்று போல இருந்தது.

மதுரையிலிருந்து வந்த நிபுணர் ஆளவந்தார் முதல் ஃபைலையே காலையிலிருந்து திருத்திக்கொண்டிருந்தார். கடைசியில், "எல்லாத்தையும் அழிச்சிட வேண்டியதுதான்!" என்றார்.

புரூஃப் பார்க்கும் செண்பகவடிவுக்குப் பகீரென்றது. "டிசைனெல்லாம் போயிடுமே சார்! மூணுல கம்ப்யூட்டர் நெசமாப் படிக்கிற, உயிரோட இருக்கிற ஃபைல் எதுன்னு முதல்ல பார்த்துட்டா என்ன?"

"எது உயிரோட இருக்குன்னு அதுவே வந்து சொல்லுமா?"

"கேட்டாச் சொல்லும் சார். ஒரே மாதிரி மூணு புரூஃப் இருந்தா, ஒவ்வொண்ணுலயும் ஒரு அடையாளம் வைப்போம்ல?"

முதல் ஃபைலில், கம்ப்யூட்டர் கிளம்பும்போது திரையில் வரும் மெனுவின் தலைப்பை 'ஆளவந்தார்' என்று மாற்றினாள். இரண்டாவதில் 'முதலாளி'. மூன்றாவதில் அச்சகத்துப் பூனையின் பெயர். ரீஸ்டார்ட்! எல்லோரும் திரையை மொய்த்தார்கள்.

பளிச்சென்று வந்தது: 'மைக்கண்ணி'.

அச்சகமே கொல்லென்று சிரித்தது. ஆளவந்தாருக்கு முகம் சிவந்தது.

"உங்க திருத்தமெல்லாம் சரிதான் சார்," என்றாள் செண்பகவடிவு. "அச்சுக்குப் போகாத தாள்ல போட்டுட்டீங்க, அவ்வளவுதான்."